நூற்று அறுபத்தெட்டில் உருகியது

பால்காரர் படியை எடுப்பதற்கு முன்பே லாக்டோமீட்டரை நீட்டிய ஆள் எங்கள் தெருவில் நான் ஒருவன்தான். காரைக்கால் கோவில்பத்தில் அந்தப் பாலைத்தான் எல்லாரும் வாங்கினார்கள். அதில் தண்ணீர் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். யாரும் கேட்கமாட்டார்கள், நான் கேட்பேன். ரேஷன் மண்ணெண்ணெயை வீட்டுக்குக் கொண்டுவந்து அளவு ஜாடியில் ஊற்றிப் பார்ப்பேன். மிளகிலிருந்து பப்பாளி விதைகளைப் பொறுக்கி, பொட்டலம் கட்டி, கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறேன். மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்று அடிக்கடி சொல்லுவேன். ஆனால் நான் தடவிப் பார்த்ததெல்லாம் அடுத்தவர் மடியைத்தான்.

எழுபதுகளின் பிற்பாதி அது. காரைக்காலில் ஒரு கல்லூரியின் வேதியியல் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். பையன்களுக்கு உருகுநிலை பார்க்கக் கற்றுக்கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. சுத்தமான பொருள் அதற்கென்று உள்ள வெப்பத்தில் சட்டென்று உருகிவிடும். கலப்படமானதோ முன்கூட்டியே கசிய ஆரம்பித்து, நாலைந்து டிகிரிக்கு இழுத்தடித்து உருகும். சந்தேகம் தீரவில்லையென்றால், நல்லதென்று தெரிந்த சரக்கைக் கொஞ்சம் அதோடு கலந்து மறுபடி பார்க்கவேண்டும். இரண்டும் ஒன்றே என்றால் உருகுநிலை மாறாது. வேறு வேறு என்றால் இறங்கிவிடும். இந்தச் சோதனையைச் சொல்லிக்கொடுக்கும்போது எனக்கு ஒரு சந்தோஷம் வரும். ஆட்களையும் இப்படிக் கண்ணாடிக் குழாயில் போட்டுப் பார்க்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

கல்யாணமான ஐந்தாம் மாதம் என் மனைவிக்கு வலிப்பு வந்தது. அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தவள் சட்டியோடு சாய்ந்தாள். கை கால் வெட்டி இழுத்தது. இரண்டு நிமிஷம் இருக்கும், எனக்கு அது முடியவே முடியாது போலிருந்தது. அவள் கண் திறந்தபோது நாக்கு கடிபட்டு உதட்டில் ரத்தம் இருந்தது. அப்போது நான் கேட்ட முதல் கேள்வியை இன்று எழுதவும் வெட்கமாக இருக்கிறது.

“இது உனக்கு முன்னாடியே உண்டா? உங்க அப்பாவுக்குத் தெரியுமா?”

இல்லை என்று தலையை ஆட்டினாள். நான் நம்பவில்லை. அவள் அப்பா எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், நன்னிலத்துக்கு அருகே பள்ளிக்கூட வாத்தியார். சாதுவான மனிதர். சாதுக்கள்மேல் எனக்கு எப்போதுமே கூடுதல் சந்தேகம். அடுத்த வாரமே போய் அவரைத் திண்டாட வைத்தேன். சின்ன வயதில் காய்ச்சல் வந்ததா, மயக்கம் வந்ததா, பள்ளிக்கூடத்தில் விழுந்தாளா என்று குறுக்கு விசாரணை. அவர் கையெடுத்துக் கும்பிட்டு, “சாமி சத்தியமா ஒண்ணும் இல்லீங்க மாப்பிள்ளை” என்றார். குற்றமில்லாதவர் ஏன் கும்பிடவேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். வீட்டுக்கு வந்து அதை அவளிடமே சொன்னேன்.

தஞ்சாவூர் டாக்டர் பீனோபார்பிட்டோன் எழுதிக்கொடுத்தார். தினம் ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு. ஒரு நாளும் விடக்கூடாது, விட்டால் வலிப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும், நிற்காமல் தொடர்ந்து வந்தால் உயிருக்கே ஆபத்து என்றார். அன்றிலிருந்து மாத்திரைப் புட்டி என் பொறுப்பில் வந்தது. நானே எண்ணி எடுத்து, அவள் கையில் கொடுத்து, வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கும்வரை எதிரில் நிற்பேன். கசக்குது என்று முகத்தைச் சுளித்தபடி கொல்லைக்குப் போய் வாய் கொப்பளித்துவிட்டு வருவாள். எட்டு மாதம் ஒன்றும் இல்லை.

மாத்திரைக்காக மாதாமாதம் தஞ்சாவூர் போய்வருவது பெரும்பாடாக இருந்தது. ஊரிலேயே ஒரு மருந்துக் கடை பாய் வரவழைத்துத் தருவதாகச் சொன்னார். வயதானவர், அதிகம் பேசமாட்டார். புட்டியைத் திறந்து பார்த்ததுமே எனக்கு உறுத்தியது. தஞ்சாவூர் மாத்திரையில் நடுவே ஒரு கோடு இருக்கும். இதில் கோடு இல்லை, நிறமும் கொஞ்சம் பழுப்பு. “கம்பெனி வேற சார், மருந்து ஒண்ணுதான்” என்றார். கலப்படம் செய்கிறவன் வேறு எப்படிச் சொல்லுவான்?

அந்தப் புட்டி தொடங்கிய பன்னிரண்டாம் நாள், கிணற்றடியில் அவள் விழுந்தாள். புருவத்தில் வெட்டு, இரண்டு தையல். ஒரு வாரம் கழித்து மறுபடியும் வந்தது. இந்தத் தடவை முன்னைவிட அதிக நேரம் இழுத்தது. அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த மாத்திரையைக் கொடுக்கவும் பயம், நிறுத்தவும் பயம். திங்கட்கிழமை லீவு போட்டுத் தஞ்சாவூர் போவதென்று முடிவு செய்தேன். அதற்குள் அந்தப் பாயின் குட்டை உடைத்துவிடவேண்டும் என்றும் முடிவு செய்தேன்.

கல்லூரி ஆய்வகத்தில் எல்லாம் இருந்தது. ஆனால் அங்கே இந்த மாத்திரையைக் கொண்டுபோனால், இது என்ன, யாருக்கு என்று கேட்பார்கள். மனைவிக்கு வலிப்பு என்பது நாங்கள் இருவரும் ஊருக்குத் தெரியாமல் மூடி வைத்திருந்த விஷயம். கிணற்றடியில் விழுந்தபோதே கொல்லைப்புறத்தில் சாமான்களைச் சேர்க்கத் தொடங்கியிருந்தேன். ஃபியூஸ் போன இருநூறு வாட் பல்பு ஒன்றின் பித்தளைத் தொப்பியைக் கழற்றி, உள்ளே இருந்ததைப் பக்குவமாக உடைத்து எடுத்தால் அருமையான குடுவை. இங்க் புட்டியின் மூடியில் துளை போட்டுத் திரி கோத்தால் ஸ்பிரிட் விளக்கு. உடைந்த கண்ணாடிக் குழாயைச் சுடரில் இளக்கி இழுத்தால் ஊசி கனத்தில் கேப்பிலரிக் குழாய்கள் கிடைக்கும். ஒரு முனையைச் சுட்டு மூடிவிட்டு, பொடியை மறுமுனையில் தொட்டு எடுக்கவேண்டும். அது அடியில் இறங்குவதற்கு, நீளமான பப்பாளி இலைக் காம்பைத் தரையில் நிறுத்தி, அதன் துளைக்குள் குழாயைப் போடுவேன். டக்கென்று தரையில் மோதும். ஏழெட்டுத் தடவை போட்டால் பொடி கெட்டியாக அடியில் உட்கார்ந்துவிடும்.

பல்புக்குள் ஊற்ற லிக்விட் பாரஃபின் வேண்டும். அது அந்தப் பாயின் கடையில்தான் கிடைத்தது. இரண்டு புட்டி கேட்டதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ரொம்ப நாளா மலச்சிக்கலா சார்?”

“ஆமாம்” என்று சொல்லி வாங்கி வந்தேன். அவருக்குத் தூக்குக் கயிறு அவர் கடையிலேயே வாங்கியாயிற்று என்று ஒரு திருப்தி.

தெர்மாமீட்டர் மட்டும் கல்லூரியிலிருந்து வந்தது. திருடவில்லை. உதவாது என்று பட்டியல் எழுதிக் கழித்துப் போட்ட சாமான்களில் கிடந்தது. முந்நூற்றறுபது டிகிரி வரை காட்டும், கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. நல்ல சாமானைக் கெட்டதென்று எழுதிக் கழித்து, பிறகு வெளியே விற்றுவிடுகிறார்கள் என்று எங்கள் ஸ்டோர்கீப்பர்மேல் எனக்கு வெகுநாளாகச் சந்தேகம். அதனால் அந்தத் தெர்மாமீட்டர் நன்றாகத்தான் இருக்கும் என்று முழுதாக நம்பினேன்.

சனிக்கிழமை காலை பத்து மாத்திரைகளை இடித்துச் சாராயத்தில் கரைத்தேன். மருந்து கரையும், மாவும் சர்க்கரையும் கரையாது. வடிகட்டிச் சுண்டவைத்துத் தண்ணீர் விட்டால் வெள்ளையாகப் படிகம் இறங்கும். வாசனை மதிலைத் தாண்டிப் போயிருக்கிறது. அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், ஊர் வழக்கில் சொல்தா. பல்பையும் விளக்கையும் வெகுநேரம் பார்த்தார்.

“என்ன தம்பி, காச்சுறீங்களா?”

“இல்லீங்க, காலேஜ் வேலை.”

“எல்லைக்கு அந்தாண்ட இருக்கிறவன் சாராயம் காச்சுறான், அவனுக்கு மதுவிலக்கு. நமக்கு என்னத்துக்குத் தம்பி இந்தப் பாடு? தெருவுக்குத் தெரு கடை இருக்குல்ல?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். போலீஸில் போட்டுக்கொடுத்துவிடுவாரோ என்று எனக்கு அரை மணி நேரம் கை ஓடவில்லை.

படிகம் காய்ந்ததும் குழாயில் ஏற்றி, தெர்மாமீட்டர் குமிழோடு நூலால் கட்டி, பாரஃபினில் இறக்கினேன். நூற்றைம்பது வரை வேகமாகச் சூடேற்றிவிட்டு, அப்புறம் விளக்கை நகர்த்தி நகர்த்தி மெதுவாக ஏற்றவேண்டும். லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பீனோபார்பிட்டோன் நூற்று எழுபத்து நாலுக்குக் கீழே உருகக்கூடாது. நூற்று அறுபத்தெட்டில் பொடி சுவரை விட்டுச் சுருங்கியது. அறுபத்தொன்பதில் தெளிந்த சொட்டாக நின்றது. மறுபடி பார்த்தேன், அதேதான். அகப்பட்டான் என்று சத்தமாகவே சொன்னேன். பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்த என் மனைவி திரும்பிப் பார்த்தாள்.

ஒன்று மட்டும் இடித்தது. கலப்படம் என்றால் இழுத்தடித்து உருகவேண்டும். இது ஒரே டிகிரியில் சட்டென்று உருகிவிட்டது, சுத்தமான பொருள்போல. நோட்டில் அதையும் எழுதினேன். எழுதிவிட்டு, அப்படியானால் இது கலப்படம்கூட இல்லை, வேறு ஏதோ மருந்தையே மாற்றிக் கொடுத்திருக்கிறான் என்று தீர்மானித்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு வெளிச்சமும் பேயாகத்தான் தெரிந்தது.

அன்று மாலையே கடைக்குப் போனேன். ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். நோட்டை மேசைமேல் போட்டு, “பாய், நீங்க விக்கிறது போலி மாத்திரை. நானே சோதிச்சுப் பாத்துட்டேன். பாண்டிச்சேரிக்கு மனு போகுது. உங்க லைசென்ஸ் இருக்காது” என்றேன். யாருக்கு வாங்கிய மாத்திரை என்பதை மட்டும் சொல்லவில்லை.

அவர் கத்தவில்லை. நோட்டைக் கண்ணுக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். ஒரு அம்மாள் தான் வாங்கிய இருமல் மருந்தை மெல்லத் திருப்பி மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். அவர் அதையும் பார்த்தார்.

“எனக்கு இதெல்லாம் புரியலை சார். வந்த புட்டியை அப்படியேதான் கொடுத்தேன். ஆனா நீங்க படிச்சவங்க, நீங்க சொன்னா ஊரு நம்பும். அதான் பயமா இருக்கு.”

பயப்படட்டும் என்று வந்துவிட்டேன். நடந்ததையெல்லாம் வீட்டில் வீரமாக விவரித்தேன். அவள் சோறு பரிமாறிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் மருந்தைத் திருப்பி வைத்த இடம் வந்தபோது மட்டும், “எல்லார் எதிர்லயுமா சொன்னீங்க?” என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மனு எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் ஓடியது. எல்லாம் எழுதியபிறகும் ஒரு ஓட்டை இருந்தது. வேறு மருந்து என்று அடித்துச் சொல்ல, நல்ல மருந்தோடு கலந்து பார்த்திருக்கவேண்டும். எனக்கு நானே பேசுவதுபோல அவளிடம் சொன்னேன்: “தஞ்சாவூர் மாத்திரை ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருந்திருந்தா போதும். ரெண்டையும் கலந்து உருக்கிப் பாத்து அந்தாளைக் கூண்டுல ஏத்திடுவேன். எல்லாத்தையும் நீ சாப்பிட்டுத் தொலைச்சுட்டே.”

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் எழுந்து உள்ளே போனாள். டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்து, காலி பவுடர் டப்பா ஒன்றை என் மனுவின்மேல் வைத்தாள்.

திறந்தேன். உள்ளே மாத்திரைகள். கோடு போட்ட தஞ்சாவூர் மாத்திரைகள் ஒன்பது. கோடில்லாத பழுப்பு மாத்திரைகள் பத்தொன்பது. எல்லாமே விளிம்பு கரைந்து, வழவழப்புப் போய், சில ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. கோடு பாதி அழிந்திருந்தது. வாயில் ஊறியதால் அப்படி ஆகியிருக்கிறது என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“அந்தக் கடைக்காரர்மேல தப்பு இல்லைங்க” என்றாள். “நான் முழுங்கலை.”

கை பழகிய வேலையைத்தான் செய்தது. ஒன்பதையும் இடித்தேன், கரைத்தேன், வடித்தேன். அவள் கீரையைப் போட்டுவிட்டு என் அருகிலேயே உட்கார்ந்திருந்தாள். படிகம் காய மத்தியானம் ஆகிவிட்டது. மூன்று குழாய்கள் கட்டினேன். ஒன்றில் தஞ்சாவூர், ஒன்றில் பாய் கடை, நடுவே இரண்டும் கலந்தது. நூற்று அறுபத்தெட்டில் மூன்றும் ஒரே நேரத்தில் சுருங்கின. அறுபத்தொன்பதில் மூன்றும் சொட்டாகிவிட்டன. எட்டு மாதம் அவளைக் காப்பாற்றிய மருந்தும் அதுவும் ஒன்றே. அப்படியானால் பொய் சொன்னது யார்?

“தெர்மாமீட்டர் சரியாக் காட்டுதா?” என்று கேட்டு அவள்தான் அடுப்பைக் காட்டினாள். உலைத் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. தெர்மாமீட்டரைத் துடைத்து அதில் வைத்தேன். நூறு காட்டவேண்டியது தொண்ணூற்று நாலில் நின்றுவிட்டது. வெளியே எடுத்து வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். குழாயின் உச்சியில், எறும்புத் தலையளவு பாதரசம் தனியாகப் பிரிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்காகத்தான் கழித்துப் போட்டிருக்கிறார்கள். ஸ்டோர்கீப்பர் உண்மையைத்தான் எழுதியிருக்கிறார். கொதிக்கிற தண்ணீரில் வைத்துப் பார்க்காமல் எந்தத் தெர்மாமீட்டரையும் நம்பாதே என்று வருஷாவருஷம் பையன்களுக்குச் சொல்கிறவன் நான்.

“ஏன் முழுங்கலை?” என்று கேட்டேன்.

“எட்டு மாசம் ஒண்ணும் வரலை. எனக்கு நோயே இல்லேன்னு தோணுச்சு. மாத்திரை இல்லாம நாலு மாசம் இருந்து காட்டிட்டா, எங்கப்பா மறைக்கலேன்னு நீங்க நம்புவீங்கன்னு நெனைச்சேன்.” புருவத்துத் தையலைத் தொட்டுக்கொண்டாள். “கிணத்தடியில விழுந்தப்ப, வெயில்ல நின்னதாலன்னு என்னையே ஏமாத்திக்கிட்டேன். ரெண்டாவது தடவையிலேருந்து முழுங்கிட்டுத்தான் இருக்கேன். சொன்னா, அப்பனும் மகளும் ஏமாத்துக்காரங்கன்னு சொல்லிடுவீங்க. அந்தப் பெரியவரை இழுக்கிறீங்கன்னதும் பொறுக்கலை.”

சொல்லியிருப்பேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவள் உயிரைப் பணயம் வைத்தது என் ஒரு வார்த்தைக்காக. அந்த வார்த்தையை நான் ஒன்பது மாதமாகக் கொடுக்கவில்லை. அன்று அழுதேன். அவளும் அழுதாள். உலை வற்றிவிட்டது.

மனுவைக் கிழித்து அடுப்பில் போட்டேன். மறுநாள் தஞ்சாவூர் போகவில்லை, நன்னிலம் போனேன். மாமனார் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். இந்தத் தடவை நான்தான் கும்பிட்டேன். குற்றமுள்ளவனும் கும்பிடுவான் என்று அப்போது தெரிந்தது.

சாயங்காலம் கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்து மருந்துக் கடைக்குப் போனேன். தப்பு என்னுடையது, கருவி கோளாறு, மருந்து நல்ல மருந்து என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அந்தத் தெர்மாமீட்டர் நம்ம கடையில வாங்கினதா சார்?”

“இல்லை பாய்.”

“அப்ப சரி” என்றார். சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் கடையில்தான் பல வருஷம் மாத்திரை வாங்கினேன். மற்றவர்களுக்கு மருந்தைப் பையில் போட்டு நீட்டிவிடுவார். எனக்கு மட்டும் புட்டியை வெளிச்சத்தில் பிடித்து, சீல் உடையாமல் இருப்பதைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார். வேண்டாம் பாய் என்றால், “இருக்கட்டும் சார், பாத்துக்குங்க” என்பார்.

வீட்டில் புட்டியை அவளிடமே கொடுத்துவிட்டேன். இனி எதிரில் நிற்கமாட்டேன், எண்ணமாட்டேன் என்று சொன்னேன். அவள் சரி என்றாள். அன்று சாப்பிட்டு முடித்ததும் அவளாகவே மாத்திரையை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். போட்டாள், தண்ணீர் குடித்தாள். பிறகு வாயை நன்றாகத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.

“இதெல்லாம் வேண்டாம்னு சொன்னேன்ல?”

“உங்களுக்குத் தெரியணும்ல” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

எண்பதுகள் முழுக்க, வலிப்பு அடங்கி டாக்டரே மாத்திரையை நிறுத்தச் சொன்ன நாள்வரை, அவள் தினமும் வந்து வாயைத் திறந்து காட்டினாள். நானும் தினமும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஆனால் ஒரு நாளாவது பார்க்காமல் இருந்தேனா என்றால், இல்லை.